தவளை ஏன் கொட்டாவி விட்டது

அந்த ஜீப்புக்குத் தவளை என்று முதலில் பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. பார்த்தால் நீங்களும் அப்படித்தான் கூப்பிடுவீர்கள், கண்ணுகளா. உடம்பு முழுக்கப் பாசிப்பச்சை. முன்னால் பிதுங்கிய இரண்டு விளக்குகள். பள்ளம் வந்தால் இறங்கி ஏறாது. ஒரு துள்ளு துள்ளித் தாண்டிவிடும்.

மலைக்கு மேலே கொஞ்சம் வீடுகள். மலைக்குக் கீழே பள்ளிக்கூடம். நடுவில் தார் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு பாதை. கல், சேறு, வேர், மறுபடியும் கல். வேறு எந்த வண்டியும் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காது. தவளை மட்டும் காலையில் காலியாக மேலே ஏறும், பிள்ளைகளை அள்ளிக்கொண்டு இறங்கும். சாயங்காலம் பிள்ளைகளோடு ஏறும், காலியாக இறங்கும்.

அதை ஓட்டுகிறவர் மேகத்தின் அப்பா.

மேகம் என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. ஒருநாள் வகுப்பில் டீச்சர், "எந்த மேகத்துல மிதந்துட்டு இருக்கே? கொஞ்சம் கீழ இறங்கி வந்து கணக்கைப் போடு" என்றார். அன்றோடு அது ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் வருத்தமே இல்லை. மேகத்திலிருந்து பார்த்தால் எல்லாம் நன்றாகத்தானே தெரியும்?

மேகத்தின் வீடு கீழேதான், பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெருவில். அவள் ஜீப்பில் ஏறவேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் தினமும் சாயங்காலம் முதல் ஆளாக ஏறிவிடுவாள். குச்சிக்காகத்தான்.

குச்சி அவளுடைய உயிர்த்தோழி. தீக்குச்சி மாதிரி ஒல்லி. தீக்குச்சி மாதிரியே சட்டென்று பற்றிக்கொள்வாள். அவள் வீடு மலை உச்சியில். பள்ளியில் பேசியது போதாமல், மேலே போய்ச் சேரும்வரை இருவரும் பேசிக்கொண்டே போவார்கள். பேசுவது குச்சி. கேட்பது மேகம்.

தவளையின் பின்பக்கத்தில் இரண்டு ஓரமும் நீளப் பலகைகள். பிள்ளைகள் அதில் எதிரும் புதிருமாக உட்காருவார்கள். பைகளையெல்லாம் பலகைக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். மேகம் உட்காரமாட்டாள். குச்சியின் மடியில் தலைவைத்துப் பலகையில் நீட்டிப் படுத்துக்கொள்வாள். அப்படிப் படுத்தால் மரங்கள் தலைகீழாக ஓடும். இலைகளின் இடுக்கில் வானம் துண்டு துண்டாக, யாரோ நீலத் துணியைக் கிழித்துக் காயப்போட்டதுபோலத் தெரியும்.

"மேகம், நான் சொல்றதைக் கேக்கறியா இல்லையா?"

"கேக்கறேன். உங்க வீட்டுப் பூனை பாலைக் கொட்டிடுச்சு."

"அது நேத்து சொன்னது."

இப்படியே போய்க்கொண்டிருந்த நாட்களில்தான் தவளைக்கு அந்த வியாதி வந்தது.

பாதி மலையில் ஒரு செங்குத்தான வளைவு உண்டு. அதைத் தாண்டினால் ஏற்றம் குறைந்துவிடும். சாயங்காலம் அதில் ஏறும்போது இன்ஜின் ஒரு மாதிரி இழுக்கும். தொண்டையைச் செருமும். பிறகு "ஹா... ஹாவ்" என்று ஒரு நீளமான கொட்டாவி விட்டுவிட்டு அப்படியே நின்றுவிடும். விளக்கு எரியும். ஹாரன் அடிக்கும். இன்ஜின் மட்டும் தூங்கிவிடும். பிள்ளைகள் அந்த இடத்துக்குக் கொட்டாவி வளைவு என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

நின்றால் என்ன செய்வது என்று மேகத்தின் அத்தை ஒரு வைத்தியம் சொல்லியிருந்தாள். அத்தைதான் மெக்கானிக். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் ஷெட் அவளுடையது. "இன்ஜின் சூடாயிடுச்சு. பானெட்டைத் திறந்து எல்லாரும் விசிறுங்க. ஆறினா கிளம்பும்."

ஆகவே தவளை நின்றதும் அப்பா ஹேண்ட்பிரேக்கை இழுப்பார். பிள்ளைகள் குதித்து இறங்குவார்கள். அடியிலிருந்து பையை இழுத்து, அதிலிருந்து பெரிய நோட்டாகப் பார்த்து எடுத்து, பானெட்டைச் சுற்றி நின்று விசிறுவார்கள். ராஜாவுக்குச் சாமரம் வீசுவதுபோல. வீசி வீசிக் கை ஓய்ந்த பிறகு அப்பா சாவியைத் திருப்புவார். தவளை கிளம்பிவிடும்.

"பாத்தீங்களா, சொன்னேன்ல" என்பாள் அத்தை, மறுநாள்.

வைத்தியம் பலித்தது. ஆனால் பொழுது போய்விடும். மலை உச்சிக்குப் போய்ச் சேரும்போது பனி இறங்கியிருக்கும். பெற்றோர்கள் டார்ச் லைட்டோடு பாதையில் நின்றிருப்பார்கள்.

அப்படி ஒரு சாயங்காலம். குச்சியின் அப்பா ஜீப்புக்குப் பக்கத்தில் வந்தார். அவர் தேனீ வளர்ப்பவர். எல்லாரும் தேன்காரர் என்று கூப்பிடுவார்கள். மெதுவாகப் பேசுவார். தேனீக்களோடு பழகினால் யாருக்கும் அந்தப் பழக்கம் வந்துவிடும்.

"டிரைவரே, உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா பனி இறங்கற நேரத்துல புள்ளைங்க நடுப்பாதையில நிக்குதுங்க. வீட்ல உக்காந்து எப்ப வரும் எப்ப வரும்னு பாக்கறது என்னால முடியல."

"புரியுதுங்க. தங்கச்சியும் எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டா."

"இன்னும் ஒரே ஒரு தடவை. அப்படி வண்டி நின்னாப் போதும், இவளைப் பெரிய ஊர்ல விடுதியில சேர்த்துடறேன். பெட்டிகூட வாங்கியாச்சு."

குச்சி வீட்டு வாசல் படியில் ஒரு நீலத் தகரப் பெட்டி இருந்தது. புதுசு. பூட்டுகூடத் தொங்கியது.

மேகம் குச்சியைத் திரும்பிப் பார்த்தாள். இப்போது பற்றிக்கொள்வாள், கத்துவாள், காலை உதைப்பாள் என்று நினைத்தாள். ஆனால் குச்சி பையை மார்போடு கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதுதான் மேகத்துக்கு மிகவும் பயமாக இருந்தது.

கீழே இறங்கியதும் தவளை நேராக ஷெட்டுக்குப் போனது. அத்தை அதற்கு அடியில் நுழைந்தாள். வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. அப்பா அந்தப் பாதங்களோடு பேசினார்.

"பிளக்கை மாத்தினே. நின்னுச்சு. பில்டரை மாத்தினே. நின்னுச்சு. கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவினே. அப்பவும் நின்னுச்சு. அடுத்தது என்ன, டிரைவரை மாத்தப்போறியா?"

"அதையும் யோசிச்சுட்டுதான் இருக்கேன், அண்ணா" என்றன பாதங்கள். "இது சூடுதான். இன்ஜின்கிட்ட வர்ற பைப்புல பெட்ரோல் கொதிச்சு ஆவியாகுது. ஆவியைக் குடிச்சு எந்த வண்டி ஓடும்? காலையில குளிர்ச்சி, அதே வளைவுல நிக்காம ஏறுது. சாயங்காலம் நாளெல்லாம் வெயில்ல கிடந்துட்டு ஏறுது, நிக்குது. விசிறினா கிளம்புது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உனக்கு?"

"நீ சாட்சி சொல்லிட்டே இரு. நான் தள்ளிட்டே இருக்கேன்."

அத்தை வெளியே வந்தாள். மூக்கில் கிரீஸ். ஜீப்பில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். தவளை ஒரே உறுமலில் எழுந்து, சமர்த்தாக ஓடியது. அத்தை பெருமையாகப் பார்த்தாள். "என் முன்னால ஒரு தடவையாவது நின்னுருக்கா, கேளு."

ஷெட்டின் தரை சமமாக, வழவழப்பாக இருந்தது. உள்ளே காற்று குளிர்ச்சியாக இருந்தது. அங்கே யார்தான் கொட்டாவி விடுவார்கள்?

மேகம் பின்பக்கம் ஏறி, வழக்கம்போலப் பலகையில் படுத்திருந்தாள். மடி இல்லாததால் காது நேராகப் பலகையில் பட்டது. அத்தை இன்ஜினை நிறுத்திவிட்டு, மறுபடி சாவியைப் பாதி திருப்பியபோது, பலகைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

டிக். டிக். டிக்.

"அத்தை, தவளைக்கு இதயம் இருக்கு."

"இருக்கும், மருமகளே. உங்க அப்பாவுக்குத்தான் இல்ல."

"நிஜமா. இங்க துடிக்குது."

"அதுவா? அது பெட்ரோல் பம்பு. டேங்க்ல இருந்து உறிஞ்சி முன்னால அனுப்பும். கரண்ட்ல ஓடறது. அது துடிச்சாத்தான் இன்ஜினுக்குச் சோறு." அத்தை ஒரு சாக்குத்துணியைத் தண்ணீரில் முக்கி எடுத்தாள். பானெட்டுக்குள் பைப்பின் மேல் அதைச் சுற்றிக் கட்டினாள். "இந்தா, ஈரச்சாக்கு. ஆவியாவது கீவியாவது. நாளைக்கு நிக்குதான்னு பாக்கலாம்."

மறுநாள் பள்ளியில் விளையாட்டுப் போட்டி. பாடம் கிடையாது. வெயில் மண்டையைப் பிளந்தது. சாயங்காலம் ஜீப்பில் ஏறும்போது பலகையே தோசைக்கல்லாகக் கொதித்தது. குச்சி யாரோடும் பேசவில்லை. ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்ததைக்கூடச் சொல்லவில்லை.

மேகம் இன்று அவள் மடியில் படுக்கவில்லை. பலகையில் காதை வைத்துக்கொண்டாள். தவளையின் இதயம் கணீரென்று கேட்டது. பாதை ஏற ஏற அதுவும் கூடவே வந்தது.

கொட்டாவி வளைவு வந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். தவளை இழுத்தது, உறுமியது, ஏறியே விட்டது.

ஜீப்பே அதிரும்படி ஒரு கூச்சல். ஒரே முகம்கொண்ட இரட்டைப் பையன்கள் இருவர் அந்தக் கூட்டத்தில் உண்டு. எப்போதும் அடித்துக்கொள்கிற அவர்கள்கூட அன்று கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். குச்சி மேகத்தின் தலையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நான் முதலாவதா வந்தேன், தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். உச்சி போய்ச் சேரும்வரை நிறுத்தவில்லை.

எல்லாரும் இறங்கிய பிறகு மேகம் மெதுவாக முன்னால் வந்தாள். அப்பா தண்ணீர் ஊற்றுவதற்காகப் பானெட்டைத் திறந்திருந்தார். அவள் கையை விட்டு ஈரச்சாக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

சாக்கு அப்பளமாகக் காய்ந்திருந்தது. விரல் சுட்டது.

"அப்பா, இது எப்பவோ காஞ்சிருக்கு."

"அதுக்கென்ன?"

"இவ்வளவு சூடு. அப்புறம் ஏன் நிக்கல?"

"நின்னா ஏன் நின்னேன்னு கேக்கலாம். நிக்கலைன்னா ஏன் நிக்கலைன்னா கேப்பாங்க? வா, போலாம்."

இறங்கும்போது மேகம் காலியான ஜீப்பில் குப்புறப் படுத்துக்கொண்டு எதிர்ப் பலகைக்கு அடியில் பார்த்தாள். அங்கே செம்மண் தூசி. ஒரு பென்சில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருண்டுகொண்டிருந்தது. உருள்வதற்கு அதற்கு நிறைய இடம் இருந்தது. இன்றைக்கு இங்கே ஏதோ ஒன்று குறைகிறதே என்று தோன்றியது. என்ன என்று நினைப்பதற்குள் ஒரு வளைவு வந்தது. மரங்களுக்கு நடுவே நிலா வந்தது. நினைப்பு எங்கோ மிதந்து போய்விட்டது.

மறுநாள் வழக்கமான பள்ளி. வழக்கமான வீட்டுப்பாடம். அத்தை சாக்கை மறுபடி நனைத்துக் கட்டியிருந்தாள். இரட்டை மடிப்பாக.

சாயங்காலம் பிள்ளைகள் ஏறினார்கள். எல்லாருக்கும் சிரிப்பு. வியாதிதான் போய்விட்டதே. மேகம் மட்டும் பலகையில் காதை ஒட்டிக்கொண்டு படுத்தாள்.

"அங்க யாராவது ரகசியம் சொல்றாங்களா?" என்றான் இரட்டையரில் ஒருவன்.

"ஆமா. உன்னைப் பத்தித்தான்" என்றாள் குச்சி.

டிக். டிக். டிக். ஏற்றம் ஆரம்பித்தது. ஜீப் மூக்கைத் தூக்கிக்கொண்டது. அடியில் ஏதோ சரசரவென்று பின்பக்கம் நகர்ந்தது. டிக். டிக்.

பிறகு ஒன்றுமில்லை.

மேகம் காதை அழுத்திப் பார்த்தாள். துடிப்பு இல்லை. ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மரங்கள் நகர்ந்துகொண்டுதான் இருந்தன.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "அப்பா, தவளை நிக்கப்போகுது."

"வாயைக் கழுவு முதல்ல" என்றாள் குச்சி.

சொல்லி வாய் மூடவில்லை. வளைவின் நட்ட நடுவில், இன்ஜின் தொண்டையைச் செருமியது. "ஹா... ஹாவ்."

அமைதி. ஏதோ ஒரு பறவை மட்டும் கூவியது. எல்லாரும் மேகத்தையே பார்த்தார்கள், அவள்தான் ஊதி அணைத்துவிட்டதுபோல. குச்சியின் முகம் நீலப் பெட்டியைப் பார்த்த அன்று இருந்ததுபோல ஆகிவிட்டது.

அப்பா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "இறங்குங்க புள்ளைங்களா. விசிறலாம்."

பிள்ளைகள் குனிந்து பையை எடுக்கப் போனார்கள். மேகத்துக்கு அப்போதுதான், மிதந்து போன நினைப்பு திரும்பி வந்தது. உருண்டுகொண்டிருந்த பென்சில். அது உருள இடம் இருந்தது, ஏனென்றால்—

"யாரும் பையை எடுக்காதீங்க."

"ஏன்?"

"சரியாத் தெரியல. ஆனா எடுக்காதீங்க. நோட்டு வேணாம். இலையால விசிறுங்க."

பாதை ஓரம் அகலமான காட்டு இலைகள் நிறைய இருந்தன. பிள்ளைகள் பறித்து வந்து விசிறினார்கள். காற்று நோட்டைவிட நன்றாகவே வந்தது. கை ஓயும்வரை விசிறினார்கள். அப்பா பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். "ஆறிடுச்சு" என்று சொல்லிச் சாவியைத் திருப்பினார்.

தவளை இருமியது. கிளம்பவில்லை. இன்னொரு தடவை. கிளம்பவில்லை.

குச்சி கடைசியில் பற்றிக்கொண்டாள். "எப்பவும் இந்நேரம் கிளம்பியிருக்கும். வெயில் இறங்குது. எங்க அப்பா வாசல்ல நிக்கறாரு. உனக்கு இது விளையாட்டா போச்சு. நீ கீழ இருக்கறவ, உன்னை யாரு பெட்டியில போட்டு அனுப்பப்போறாங்க?"

மேகத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் குரலைத் தளரவிடவில்லை. "விசிறியாச்சு. ஆறியாச்சு. இன்னும் கிளம்பல. அப்ப காரணம் சூடு இல்லதானே?"

குச்சி கையிலிருந்த இலையைக் கீழே போட்டாள்.

"இப்ப பையை எடுங்க. ஒவ்வொருத்தரா. விசிற வேணாம்." மேகம் ஏறிப் பலகையில் காதை வைத்தாள். "அப்பா, சாவியைப் பாதி திருப்பி வெச்சுக்கோங்க."

குச்சி தன் பையை இழுத்தாள். ஒன்றுமில்லை. இரட்டையர் தங்கள் பைகளை எடுத்தார்கள், யார் முதலில் என்று இடித்துக்கொண்டு. ஒன்றுமில்லை. இன்னொரு பை, அதற்கடுத்த பை. பலகை மௌனமாகவே இருந்தது.

கடைசியில் பின்மூலையில் ஒரே ஒரு பை மிச்சம். அது உருண்டையின் பை. உருண்டை அந்த ஜீப்பிலேயே சின்னவள். ஒன்றாம் வகுப்பு. கன்னம் இரண்டும் பந்து மாதிரி இருக்கும்.

"நானே எடுத்துக்கறேன்" என்றாள் உருண்டை அவசரமாக.

இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வரவில்லை. காலை ஊன்றிச் சாய்ந்து இழுத்தாள். உள்ளே ஏதோ கடகடவென்று உருள, பை மூலையிலிருந்து விடுபட்டு வந்தது.

டிக்.

டிக். டிக். டிக். டிக்.

"அப்பா, துடிக்குது. இப்ப கிளப்புங்க."

அப்பா கிளப்பினார். தவளை தூக்கம் கலைந்த குழந்தைபோலச் சிணுங்கிவிட்டு, உறுமி எழுந்தது.

பிள்ளைகள் பின்மூலையைச் சுற்றி நெருங்கினார்கள். அப்பா டார்ச் லைட்டோடு பின்னால் வந்து குனிந்தார். மூலையில், பம்புக்குப் போகிற ஒரு வயர், வண்டியின் இரும்புச் சட்டத்தில் இருந்த ஓட்டையிலிருந்து வெளியே வந்து வளைந்து போயிருந்தது. பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. மேகம் அந்த வளைவை ஒரு விரலால் மெல்லத் தள்ளினாள். துடிப்பு நின்றது. விரலை எடுத்தாள். துடித்தது.

"மேல் தோல் நல்லா இருக்கு. உள்ள கம்பி அறுந்திருக்கு" என்றார் அப்பா மெதுவாக. "சும்மா இருந்தா தொட்டுக்குது. தள்ளினா விலகிக்குது. ஏத்தத்துல பையெல்லாம் பின்னால சரிஞ்சு வந்து தள்ளுது. பைப்புல மிச்சம் இருக்கற பெட்ரோல் தீர்ந்ததும் வண்டி நிக்குது. நாம விசிறணும்னு நோட்டை எடுக்கறோம். நோட்டை எடுக்கணும்னு பையை எடுக்கறோம்..."

அவருக்கு மேலே பேச முடியவில்லை. அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இத்தனை நாள் ராஜாவுக்கு வீசற மாதிரி வீசினோமே."

"நேத்து போட்டி. யாருமே பை கொண்டு வரல" என்றாள் குச்சி. "காலையில ஏறும்போதும் பை இல்ல." அவள் மேகத்தின் பக்கத்தில் வந்து நின்றாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. தன் முழங்கையால் அவள் முழங்கையை இடித்தாள். மேகமும் இடித்தாள்.

"அந்தக் கடைசிப் பை யாரோடது?" என்றான் இரட்டையரில் ஒருவன்.

உருண்டை பையைக் கட்டிக்கொண்டு அப்பாவின் பின்னால் ஒளிந்தாள்.

"யாரோடதா இருந்தா என்ன?" என்றாள் மேகம். "அறுந்தது வயர்தானே. பையா அறுந்துச்சு? ஏறுங்க, பையை மடியில வெச்சுக்கோங்க."

ஜீப் கிளம்பிய பிறகு உருண்டை அவள் காதில் கேட்டாள். "அக்கா, குச்சி அக்காவை என்னாலயா ஊருக்கு அனுப்பறாங்க?" பையைக் கொஞ்சமாகத் திறந்து காட்டினாள். உள்ளே முழுக்கக் கூழாங்கற்கள். வெள்ளை, சாம்பல், ஒன்றில் மஞ்சள் கோடு. "வண்டி நிக்கும்போதெல்லாம் ஒண்ணு எடுப்பேன். எல்லாமே மேகம் மாதிரி இருக்கு பாரு."

மேகம் ஒரு கல்லைக் கையில் எடுத்தாள். நிஜமாகவே, மழைக்கு முன்னால் வருகிற மேகம்போல இருந்தது.

"இல்லம்மா. வயர் எப்பவோ அறுந்துடுச்சு. எங்கன்னு யாருக்கும் தெரியல. உன் பைதான் காட்டிக் கொடுத்துச்சு" என்றாள்.

உச்சிக்குப் போனபோது பனி இறங்கி இருட்டத் தொடங்கியிருந்தது. பாதை முழுக்க டார்ச் வெளிச்சம். தேன்காரர் அந்த நீலப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கு நின்னுச்சா?" என்று கேட்டார்.

"நிக்கல" என்றான் இரட்டையரில் ஒருவன். "நின்னுச்சு" என்றான் மற்றவன், அதே நொடியில்.

அப்பா, "அது வந்துங்க..." என்று இழுத்தார்.

மேகம் இறங்கி முன்னால் வந்தாள். "நின்னுச்சு, மாமா. ஏன்னு கண்டுபிடிச்சுட்டோம். நீங்களே வந்து கேட்டுப் பாருங்க."

"என்னத்தைக் கேக்கறது?"

"தவளையோட இதயத்தை."

தேன்காரர் சிரிக்கவில்லை. காலையில் தேன்கூட்டுப் பெட்டிகளின்மேல் காதை வைத்து, உள்ளே தேனீக்கள் நலமா என்று கேட்டுவிட்டுத்தான் அவர் காப்பியே குடிப்பார். அதனால் அவருக்கு இது விநோதமாகத் தெரியவில்லை. ஜீப்பில் ஏறி, மண்டியிட்டு, பலகையில் காதை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

மேகம் விரலால் வயரைத் தள்ளினாள்.

"நின்னுடுச்சு" என்றார்.

விரலை எடுத்தாள்.

"வந்துடுச்சு." கண்ணைத் திறந்தார். "தள்ளு பாப்பா, நான் பண்ணிப் பாக்கறேன்." தள்ளினார், விட்டார். தள்ளினார், விட்டார். சின்னப் பையனுக்குப் பொம்மை கிடைத்ததுபோல.

"கூட்டுக்குள்ளயும் இப்படித்தான்" என்றார் கடைசியாக. "கோளாறு கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே சத்தம் மாறிடும். சரி. டிரைவரே, உங்க தங்கச்சி இதைச் சரிபண்ணட்டும். நாளைக்குச் சாயங்காலம் நானே இதுல ஏறி வர்றேன். நிக்காம வந்தா, பெட்டியைக் கடையில திருப்பிக் கொடுத்துடறேன்."

அன்றிரவே ஷெட்டில் அத்தை அந்த வயரை வெட்டி எடுத்து, மேல் தோலைக் கத்தியால் கீறினாள். உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்து, இரண்டாக விலகிக் கிடந்தது.

"நோட்டால விசிறி வயரை ஒட்டவெச்ச ஒரே மெக்கானிக் நான்தான்" என்றாள். "சம தரையில, காலி வண்டியை ஓட்டிப் பாத்துட்டு, என் முன்னால நின்னுச்சான்னு கேட்டேன் பாரு."

"இப்ப டிரைவரை மாத்தறியா?" என்றார் அப்பா.

"இவளையே மெக்கானிக்கா மாத்திடலாம்."

புது வயரை ஒரு குழாய்க்குள் நுழைத்து, பைகள் எட்டாத உயரத்தில் கிளிப் போட்டு இறுக்கினாள். "நாளைக்கு நானும் ஏறி வர்றேன். எல்லாப் பையும் அடியிலதான் இருக்கணும். எவ்வளவு கனமோ அவ்வளவும். அப்பத்தான் சரியாச்சான்னு தெரியும்."

மறுநாள் சாயங்காலம் தவளையில் கால்வைக்க இடமில்லை. பிள்ளைகள், அத்தை, தேன்காரர், கூடவே அந்த நீலப் பெட்டி. காலையிலேயே நல்ல நம்பிக்கையோடு அதைக் கீழே கொண்டுவந்தாராம். கடைக்காரர், "வித்த பெட்டியை வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாராம். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பைகள் அடியில் போயின. கடைசியாக உருண்டை தன் பையைப் பின்மூலையில் வைத்தாள். மேகத்தைப் பார்த்தாள். மேகம் தலையாட்டினாள்.

ஏற்றம் ஆரம்பித்தது. பைகள் சரசரவென்று பின்னால் சரிந்தன. கூழாங்கற்கள் கடகடவென்றன. மேகம் பலகையில் காதை வைத்தாள். பக்கத்தில் குச்சி வைத்தாள். பிறகு தேன்காரர் குனிந்தார். அத்தையும் "நகருங்க" என்று இடம்பிடித்தாள். இரட்டையர், உருண்டை, எல்லாரும் இரண்டு பக்கமும் வரிசையாகத் தலையைச் சாய்த்துக்கொண்டார்கள். எதிரே யாராவது வந்திருந்தால், ஒரு ஜீப் முழுக்கத் தூங்கிக்கொண்டு போகிறது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

டிக். டிக். டிக்.

கொட்டாவி வளைவு வந்தது. போனது. யாரும் நிமிரவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று இருந்தது. மரங்கள் நகர்ந்தன. வெளிச்சம் பச்சையாக, பிறகு பொன்னாக மாறியது. தேன்காரர் தேன்கூட்டுப் பெட்டியைக் கேட்பதுபோலக் கண்ணை மூடியபடியே, "ராணி நல்லா இருக்கா" என்றார்.

உச்சியில் இறங்கியதும் அவர் நீலப் பெட்டியை அத்தையிடம் நீட்டினார். "இது எனக்கு எதுக்கு? பாத்தாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

அத்தை பெட்டியைப் பார்த்தாள். தவளையின் முதுகைப் பார்த்தாள். கையால் அளந்தாள்.

அடுத்த வாரத்திலிருந்து பிள்ளைகளின் பைகளெல்லாம் அந்த நீலப் பெட்டிக்குள் போயின. ஜீப்பின் பின்னால், போல்ட் போட்டு முடுக்கிய பெட்டி. பூட்டின் சாவி குச்சியிடம்.

தவளை அதற்குப் பிறகு கொட்டாவி விடவில்லை. ஆனால் அந்த வளைவு வரும்போதெல்லாம் உருண்டையின் முகம் வாடிப்போனது. வண்டி நின்றால்தானே கல் எடுக்க முடியும்? அதை மேகம் பார்த்தாள். அப்பாவின் தோளைத் தட்டிக் காதில் ஏதோ சொன்னாள்.

அப்பா பிரேக்கை அழுத்தினார். "ஒரே ஒரு கல். சீக்கிரம்."

உருண்டை குதித்து ஓடினாள். இன்ஜின் மெல்ல உறுமிக்கொண்டே காத்திருந்தது. மேகம் குச்சியின் மடியில் தலைவைத்து, கையை மட்டும் பலகையில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கைக்குக் கீழே தவளையின் இதயம் அவசரமில்லாமல் துடித்துக்கொண்டிருந்தது.